18 யூனிட், 9ஆவது கோடு

"ஊசியை மாத்திக் கொடுத்துடுங்க. இதுக்கெல்லாமா போன் பண்றது?"

சர்க்கரை நோயுள்ள ஒரு வயதான அம்மாவின் சீட்டைப் பற்றி மெடிக்கல் கவுன்ட்டரிலிருந்து போன் செய்தபோது டாக்டர் சொன்னது அவ்வளவுதான். ஓ.பி. நேரம், பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம். "சரி சார்" என்று வைத்தாயிற்று. மாற்ற வேண்டியது ஊசியைத்தான், அதாவது சிரிஞ்சை; அதில் அவர் சொன்னது சரி. ஊசியை மாற்றினால் மட்டும் போதுமா என்று கேட்க நினைத்ததும், அதற்கடுத்துக் கேட்க வேண்டியிருந்த இன்னொன்றும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. அந்த அரை நிமிஷத்தில் எதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது எத்தனை முறை யோசித்தாலும் ஒரு முடிவுக்கு வர மாட்டேன் என்கிறது.

காலை 16, இரவு 10 என்று போட்டுக்கொண்டிருந்த 30/70 கலவை இன்சுலினை நிறுத்திவிட்டு, இரவு மட்டும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 18 யூனிட் என்று சீட்டில் இருந்தது. பழைய மொத்தம் 26. அதைவிடக் குறைத்தே தொடங்கியிருந்தார். வயதான நோயாளிக்குக் கவனமாக எழுதிய சீட்டு. அதை நான் சந்தேகப்படவே இல்லை.

சிக்கல் பாட்டிலில். நம் ஊரில் கலவை இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். எழுதியிருந்த கிளார்ஜின் பாட்டில் மில்லிக்கு 100. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. அந்த அம்மா வீட்டில் சிவப்பு மூடி சிரிஞ்ச் இன்னும் மீதி இருந்தது. அதில் 18 வரை இழுத்தால் 0.45 மில்லி. கிளார்ஜினில் அது 45 யூனிட், எழுதியதைப்போல இரண்டரை மடங்கு. நாள் முழுக்க நிதானமாக வேலை செய்யும் மருந்து என்பதால் உடனே ஒன்றும் தெரியாது. நடு இரவிலோ விடியற்காலையிலோ தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். பிரஷருக்கு மெட்டோபுரோலால் வேறு சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை மறைத்துவிடுவதால் படபடப்பும் நடுக்கமும் அவருக்குச் சரியாகத் தெரியாது, வியர்வை மட்டும்தான் துப்புக் கொடுக்கும்.

இதுவரை எந்த மெடிக்கலிலும் தெரிந்த விஷயம். ஆரஞ்சு மூடியைக் கையில் கொடுத்த பிறகு வருவதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு மில்லி சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். ஒரு மில்லி ஆரஞ்சு மூடியில் ஒரு கோடு இரண்டு யூனிட். எண்ணைப் படிக்காமல் கோட்டை எண்ணிப் பழகியவர்கள் நிறைய. கண் மங்கியவர்கள் நகத்தை வைத்து எண்ணுவார்கள். அப்படி 18 கோடு எண்ணினால் சரியான சிரிஞ்சிலேயே 36 யூனிட் ஏறிவிடும். எண்ண வேண்டியது 9 கோடு. அரை மில்லி ஆரஞ்சு சிரிஞ்சாக இருந்தால் கோட்டுக்கு ஒரு யூனிட்தான், அன்று கடையில் அது இல்லை.

9ஆவது கோடு வரை இழுத்துக் காட்டினால் 0.18 மில்லி. "இவ்வளவு கொஞ்சமாவா?" என்றார் அந்த அம்மா. பழகிய கண்ணுக்கு அது பாதி மருந்துகூட இல்லை. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கொள்ளத் தோன்றும். கலவை இன்சுலின் பால்போலக் கலங்கி இருக்கும், உள்ளங்கையில் உருட்டிக் கலக்கிப் போடுவது. கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவு, உருட்டத் தேவையில்லை. தெளிவாக இருப்பதைப் பார்த்து மருந்து கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு, பழைய பாட்டிலில் மிச்சம் இருப்பதையும் சேர்த்து ஒரே சிரிஞ்சில் இழுப்பவர்களும் உண்டு. கிளார்ஜினை எதோடும் கலக்கக் கூடாது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "பாட்டிலுக்குப் பதில் பென் கொடுக்கலாமா சார்?" என்பதாக இருந்திருக்கலாம். பென் என்பது பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி, அதில் கோடு எண்ணும் வேலையே கிடையாது. திருகினால் 18 என்று எண்ணே வந்து நிற்கும். அதற்குள் இருக்கும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். ஒவ்வொரு முறையும் சோதனைக்கு 2 யூனிட் வெளியே தள்ள வேண்டும் என்பதால் நாளைக்கு 20, பதினைந்து நாள் வரும். 10 மில்லி பாட்டிலில் 1000 யூனிட் இருந்தாலும் திறந்து 28 நாளில் தூக்கிப்போட வேண்டியதுதான், அதற்குள் செலவாவது 504. கணக்குப் பார்த்தால் பாட்டில் அவ்வளவு மலிவு இல்லை. ஆனால் கடையிலிருந்து "பென் கொடுக்கலாமா" என்று போன் போனால் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும்? விலை கூடின சாமானைத் தள்ளப் பார்க்கிறான் என்றுதான்.

அப்படி நினைப்பதில் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. மெடிக்கலிலிருந்து அவருக்குப் போகும் அழைப்பில் பெரும்பாலானவை "ஸ்டாக் இல்ல சார், வேற கம்பெனி கொடுக்கட்டுமா" வகைதான். சட்டப்படி அந்த அழைப்பும் தேவை: 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்தை எழுதியிருந்தால் அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க விடாது. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது பார்மசிஸ்ட்டின் வேலை என்று 2015ஆம் ஆண்டின் பார்மசி பிராக்டீஸ் ரெகுலேஷன்ஸும் சொல்கிறது. அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது என்பதுதான் தீராத கேள்வி. அமெரிக்காவில் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் 1996-இல் தொடங்கிய திட்டத்தில், நகராட்சி ஊழியர்களில் சர்க்கரை நோயாளிகளைப் பார்மசிஸ்ட்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசினார்கள்; அந்த நேரத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டது. இங்கே மருந்துக்குத்தான் பில், பேச்சுக்கு இல்லை. கவுன்ட்டரில் பத்து நிமிஷம் சிரிஞ்சு காட்டினால் பின்னால் நான்கு பேர் முணுமுணுப்பார்கள்.

கேட்காமல் நின்றுபோன அந்த இன்னொன்றுதான் பெரியது என்று சில நாள் தோன்றுகிறது. அதே சீட்டில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-உம் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். அந்த அம்மாவின் பையில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்த அட்டைகளும் இருந்தன: கிளிமிபிரைடு தனி, மெட்ஃபார்மின் தனி. "இது கவர்மென்ட் மாத்திரை, அது டாக்டர் மாத்திரை" என்று இரண்டையும் சாப்பிடுகிறார். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்று. கிளிமிபிரைடு உடம்பையே கூடுதல் இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. இன்சுலினோடு அது இரட்டையாகச் சேர்ந்தால் சிரிஞ்சு சரியாக இருந்தாலும் சர்க்கரை இறங்கும். மெட்ஃபார்மினுக்குச் சிறுநீரக அளவு பார்க்க வேண்டும்: சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். அதைக் கணக்கிடத் தேவையான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அவர் கையில் இல்லை.

ஊசியை முதலில் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று இரவே போடப் போகிற மருந்து அது. மாத்திரைக்கு "ரெண்டுல ஒண்ணு மட்டும் சாப்பிடுங்கம்மா, அடுத்த தடவை ரெண்டு அட்டையையும் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று கவுன்ட்டரிலேயே சொல்ல முடிந்தது. இப்படிச் சொல்லிக்கொண்டாலும், எந்த ஒன்றை நிறுத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர் என்பதும் மறக்கவில்லை.

போனை வைத்ததும் அந்த அம்மா கேட்டார்: "டாக்டர் தப்பா எழுதிட்டாராப்பா?"

"இல்லம்மா. எழுதினது சரியாத்தான் இருக்கு. பாட்டில் வேற, அதனால ஊசி வேற."

தலையாட்டினார். இழுக்கச் சொன்னபோது 9ஆவது கோட்டில் சரியாக நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து அவர் மகன் வந்தபோதுதான் பாட்டில் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. "உங்களுக்கே சந்தேகம்னா எதுக்குப் போடணும்னு அம்மா பயந்துட்டாங்கண்ணே." பழைய இன்சுலினும் நின்றுபோயிருந்தது. குளுக்கோமீட்டர் ரீடிங் 300-ஐத் தாண்டிவிட்டது. இன்சுலின் என்றாலே பாதிப் பேருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு நடுவில் ஒரு போன்கால், அதுவும் காது கேட்கும் தூரத்தில். கேட்காமல் இருந்திருந்தால் 45 யூனிட் ஏறியிருக்கலாம். கேட்டதால் ஒரு யூனிட்கூட ஏறவில்லை. போன் செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். உள்ளே போய்ப் பேசியிருக்கலாமோ என்றால், தன்னைப் பற்றி மறைவாக ஏதோ பேசுகிறார்கள் என்று இன்னும் பயந்திருப்பாரோ என்னவோ.

அன்று மகன் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மூன்றே வரி: கிளார்ஜின் தொடங்கவில்லை, வீட்டில் மில்லிக்கு 100 யூனிட் பாட்டில், 1 மில்லி ஆரஞ்சு சிரிஞ்ச், அரசு மாத்திரையிலும் கிளிமிபிரைடு உள்ளது, பென் பரிசீலிக்கலாமா. கருத்து எதுவும் எழுதவில்லை, கடை முத்திரையும் வைக்கவில்லை. முத்திரை இருந்தால் அதுவும் வியாபாரமாகத் தெரியும்.

திரும்பி வந்த சீட்டில் பென் என்று எழுதியிருந்தது, அளவு 14. கிளிமிபிரைடு அடித்து விடப்பட்டிருந்தது. கிரியாட்டினின் பார்க்கச் சொல்லியிருந்தார். துண்டுத்தாளைப் படித்து எழுதினாரா, அவரே எல்லாவற்றையும் விசாரித்து எழுதினாரா என்று மகனைக் கேட்டேன். அதை டாக்டரிடம் கொடுத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.