அறுநூறு ரூபாய் பதவி

ஆசிரியர் வேலைக்குச் சேரும்போது தேர்தல் பணியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எம்.பி. தேர்தல், ஊராட்சித் தேர்தல் இரண்டிலும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரதமரை முடிவு செய்கிற தேர்தல் சுலபம். வார்டு உறுப்பினரை முடிவு செய்கிற தேர்தலுக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

எம்.பி. தேர்தலில் காலையிலேயே ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைத்தால் பாதி வேலை முடிந்தது. வருகிறவர் பொத்தானை அமுக்குவார், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட்டில் 7 வினாடி சீட்டைப் பார்ப்பார், போய்விடுவார். எதிரெதிர்க் கட்சி ஏஜெண்டுகள் ஒரே தூக்கிலிருந்து டீ ஊற்றிக் குடிப்பார்கள். வேட்பாளரைப் போஸ்டரில் மட்டும் பார்த்தவர்களுக்குள் என்ன சண்டை வரப்போகிறது?

ஊராட்சித் தேர்தலில் ஏஜெண்டாக வருவது மைத்துனர், பங்காளி, பெரியப்பா மகன். 2019 டிசம்பரில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று ஆளுக்கு நாலு வாக்குச்சீட்டு. ஒரு பாட்டி எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு, "வெள்ளை என் பேரனுக்கு சாமி. ரோஸ் யாருக்குன்னு மட்டும் கேக்காதே" என்று அறைக்கே கேட்கும்படி சொன்னார். ரோஸுக்கு நின்ற இருவருமே அவருக்கு உறவு. ரகசிய வாக்கெடுப்பு என்பதற்கு ஊரில் அவ்வளவுதான் இடம்.

எம்.பி. தேர்தலில் வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜெண்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்ட வேண்டும். நான் அதை வாங்கியதே இல்லை. ஊராட்சித் தேர்தலிலோ பெயரை வாசித்து முடிப்பதற்குள், "அவன் திருப்பூர் போய் ரெண்டு வருஷம் ஆச்சே" என்று மூன்று குரல் வரும்.

மக்களவை வேட்பாளருக்கு டெபாசிட் 25,000 ரூபாய். 2024-ல் 95 லட்சம் வரை செலவழிக்கலாம். ஊராட்சித் தலைவருக்கு 2019-ல் 600 ரூபாய் டெபாசிட், 34,000 செலவு வரம்பு. 34,000-ல் ஊருக்கு ஒரு வேளை கிடா விருந்து போட முடியாது. கட்சி சார்பற்ற பதவி என்பதால் பூட்டு சாவி, ஆட்டோ என்று சின்னம் கொடுப்பார்கள்; ஓட்டுக் கேட்பவர் இடுப்பில் கட்சிக் கரை வேட்டி இருக்கும். சில ஊர்களில் இந்தச் சிரமமெல்லாம் எதற்கு என்று பதவியை ஏலமே விட்டுவிடுகிறார்கள். பணம் கோயிலுக்காம்.

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி ஒன்றில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சாவடிக்குள் நுழைந்தார். யார் என்று கேட்டேன்.

"வேட்பாளர் சார்."

பட்டியலைப் பார்த்தேன்.

"அதாவது, என் சம்சாரம்."

இவ்வளவு வெறி ஏன் என்று யோசித்தால், எம்.பி. டெல்லியில் உட்காருகிறார், தலைவர் ஊருக்கு நடுவில் உட்காருகிறார். செக்கில் கையெழுத்து, தண்ணீர்க் குழாய், கிராம சபையில் நடு நாற்காலி எல்லாம் அவருடையது. தனித்தொகுதி எம்.பி.க்கு முணுமுணுக்காமல் ஓட்டுப் போடுகிற ஊருக்கு அந்த நாற்காலி பட்டியல் சாதியினருக்கு என்றால் மட்டும் பொறுக்காது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 தொடங்கிப் பத்து வருஷம் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. அதே மாவட்டத்து மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். இதில் கேலி செய்ய எனக்கு எதுவும் இல்லை.

ஊர் இப்படி உயிரைக் கொடுத்தும் எடுத்தும் மோதுகிற பதவியை அரசாங்கம் என்னவோ லேசாகத்தான் எடுத்துக்கொள்கிறது. எம்.பி. இடம் காலியானால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். ஊராட்சித் தலைவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2019-ல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தலைவர் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் மறுபடி வந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அந்த அலுவலருக்கு எங்க ஊர்ல ஓட்டே இல்லையே வாத்தியாரே!" என்றார். அந்த ஊர்த் தலைவரின் காரில் 'ஊராட்சி மன்றத் தலைவர்' பலகை இன்னும் இருக்கிறது. மேலே 'முன்னாள்' என்று எழுதியிருக்கிறதாம். கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.