29 வயதில் 3 முட்டை: காரணம் பழைய பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்தது

ஐவிஎஃப்-க்குப் போகிறவர்கள், வயிற்றில் எப்போதாவது ஆபரேஷன் நடந்திருந்தால், முதல் ஊசிக்கு முன்னால் அந்த ஆபரேஷன் நோட்ஸைக் கையில் வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எனக்குப் போதவில்லை.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்ப் பார்த்தோம். ஸ்கேன், கணவருடைய டெஸ்ட் எல்லாம் சுலபமாக முடிந்தது. "சின்ன வயசும்மா, முட்டை நிறைய வரும்" என்று சொல்லியே டோஸ் எழுதினார்கள். சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்டான ஏஎம்ஹெச் புதிதாக எடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கும் முந்தைய ரிப்போர்ட்டில் இருந்த 1.4-ஐயே வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சாக்லேட் கட்டிக்கு (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி வரும் கட்டி) லேப்பராஸ்கோபி செய்ததைச் சொன்னேன். கேஸ் ஷீட்டில் ஒரு டிக், அவ்வளவுதான். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிய கட்டி என்று யாரும் கேட்கவில்லை.

எக் பிக்கப்பில், அதாவது முட்டைகளை வெளியே எடுத்தபோது, வந்தது 3. பக்கத்து பெட்டில் இருந்த அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது, அவருக்கு 9. எனக்கு ஒரே ஒரு கரு தேறியது, அதுவும் தங்கவில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், "சில பேருக்கு அப்படித்தான். டென்ஷன் ஆகாம இருந்தா அடுத்த தடவை சரியாயிடும்" என்று பதில். அத்தை திருக்கருகாவூர் அம்பாள் கோயிலில் மந்திரித்த நெய் வாங்கி வந்தார், சாப்பிட்டேன். அம்பாளாவது டென்ஷன்தான் காரணம் என்று சொல்லவில்லை.

அப்புறம் திருச்சியில் வேறொரு டாக்டர். மாதவிடாயின் இரண்டாம் நாள் அவரே ஸ்கேன் செய்தார்: வலது சினைப்பையில் 1 ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சின்னப் பை), இடதில் 3. புதிதாக எடுத்த ஏஎம்ஹெச் 0.8. தாளின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டு விளக்கினார். 35 வயதுக்குள் முட்டை குறைவாக வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு இருப்பு நன்றாகவே இருக்கும்; கொடுத்த டோஸ் பற்றாது, அல்லது முட்டையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை ஏற்கும் ரிசப்டர் ஜீனில் உள்ள சின்ன வித்தியாசத்தால் மருந்து சரியாக ஏறாது, அல்லது முட்டையை முதிரவைக்கக் கடைசியில் போடும் ட்ரிகர் ஊசி நேரம் தவறியிருக்கும். இவர்களுக்கு அடுத்த தடவை மருந்தை மாற்றினால் பலன் தெரிய வாய்ப்பு உண்டு. இன்னொரு வகையினருக்கு இருப்பே குறைவு. ஏஎம்ஹெச் 1.2-க்குக் கீழே, ஃபாலிக்கிள் 5-க்குக் கீழே என்பது முட்டை குறைவாக வருகிறவர்களைப் பிரித்துப் பார்க்க 2016-ல் வந்த போசைடன் வகைப்பாடு வைத்திருக்கும் கோடு. கீமோதெரபி, சினைப்பை ஆபரேஷன், அம்மாவுக்குச் சீக்கிரமே மாதவிடாய் நின்றது, எஃப்எம்ஆர்1 என்ற ஜீனில் உள்ள மாற்றம் என்று இதற்குக் காரணங்கள் பல. எவ்வளவு டோஸ் ஏற்றினாலும் இல்லாத முட்டையை ஊசி உண்டாக்காது.

"சாக்லேட் கட்டியோட தோலை உரிச்செடுக்கும்போது ஒட்டியிருக்கிற நல்ல திசுவும் கூடவே வந்துடும். ரத்தம் நிக்கறதுக்குக் கரண்ட் வெச்சுச் சுட்டா இன்னும் சேதம். உங்களுக்கு என்ன பண்ணாங்கன்னு பேப்பர் கொண்டு வாங்க" என்றார்.

அந்தப் பேப்பருக்காக, ஆபரேஷன் நடந்த கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு அலைந்த கதையை எழுதினால் வயிறு எரியும். முதலில் கணவரை அனுப்பினேன். பேஷண்ட்தான் வர வேண்டுமாம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து நானே போனால், ஃபைல் குடோனில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு. மறுபடி போனபோது ரெக்கார்ட் ரூம்காரர் தலையே நிமிராமல், "மூணு வருஷத்துக்கு மேல நாங்க வெச்சிருக்கணும்னு இல்லம்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி மூன்று வருஷம்தான் கட்டாயம். அதற்குள் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே ஆபரேஷன் முடிந்த சூட்டோடு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிடுங்கள்.

வெளியே டீக்கடையில் நின்று டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் பேனாவில் கிறுக்கியிருந்த பயாப்சி நம்பர் கண்ணில் பட்டது. கட்டியைச் சோதித்த லேப் இரண்டு தெரு தள்ளி. கவுண்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டினார், பிரிண்ட் வந்துவிட்டது. காசுகூட வாங்கவில்லை. நின்றபடியே படித்தேன். வந்த டப்பாக்கள் இரண்டு: ஒன்றில் 'வலது', இன்னொன்றில் 'இடது'. இரண்டிலும் கட்டிச் சுவரோடு சினைப்பைத் திசு ஒட்டியிருப்பதாக எழுதியிருந்தது. வலது பக்கம் மட்டும்தான் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இடதிலும் கை வைத்ததை அம்மாவிடமும் சொல்லவில்லை, சம்மரியிலும் எழுதவில்லை.

திருச்சி டாக்டர் அதைப் படித்துவிட்டு, "காரணம் கிடைச்சாச்சு" என்றார். ஆறுதலாகவும் ஒன்று சொன்னார்: எண்ணிக்கை குறைந்தாலும் முட்டையின் தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது, 29 வயது முட்டை 29 வயது முட்டைதான். ஒரே தடவையில் நிறைய எடுக்க டோஸை ஏற்றிப் பார்க்காமல், அடுத்தடுத்து இரண்டு பிக்கப் செய்து கருக்களைச் சேர்த்து ஃப்ரீஸ் செய்தார். இப்போது 3 கரு இருக்கிறது. கருவைக் கருப்பையில் வைக்கும் ட்ரான்ஸ்ஃபர் தை பிறந்த பிறகு.

குளிரில் வைக்க வேண்டிய ஊசி மருந்தைப் பஸ்ஸில் கொண்டுவர ஐஸ் பெட்டி கட்டாயம். ஐஸ்மேல் நேராக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோனால் மருந்து வீண். ஃப்ரீஸிங்குக்கு வருஷக் கட்டணம் பெரும்பாலும் தனி, அது பேக்கேஜில் சேராமல் இருக்கலாம். பணம் கட்டும் முன்னாலேயே அந்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.