ஏல விலையும் மேடை விலையும்

அன்று நான் சொன்ன பதில் தொழில்முறைப்படி சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரியான பதில் என்றால் சொன்னதோடு அது முடிந்துபோயிருக்க வேண்டும், அப்படி முடியவில்லை. என்னிடம் பூ அலங்கார வேலை பழக வந்திருந்த பெண், ஒரு கல்யாண மேடைக்கான மதிப்பீட்டை முதன்முறையாகத் தானே எழுதிப் பார்க்க உட்கார்ந்தாள். மாதிரிக்கு, சில வாரங்களுக்கு முன்பு நாங்கள் செய்து முடித்திருந்த வேறொரு கல்யாணத்தின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்கப்பா போட்ட பூ இதுல எந்த வரியில வருதுங்கக்கா?" என்று கேட்டாள்.

அவளுடைய அப்பா சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லி பயிரிடுகிறவர். "ரெண்டாவது வரி. ஆனா அதைப் பார்த்துக் கணக்குப் பழகாத கண்ணு. இந்தத் தொழில்ல பூ ஒரு சரக்கு மட்டுந்தான், கீழ இருக்கறதை எல்லாம் பாரு" என்றேன். "சரிங்கக்கா" என்று சொல்லி எழுதத் தொடங்கிவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். அவள் முகம் மாறியதாகவோ குரல் இறங்கியதாகவோ சொன்னால் பொய்யாகிவிடும்.

நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பூ பிடிக்கும் என்றுதான் வருகிறார்கள். சிறு வயதிலிருந்தே திண்ணையில் உட்கார்ந்து நாரில் பூக்கட்டிப் பழகியவர்களும் வருகிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பசுமைக்குடில், சொட்டுநீர் எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. முதல் வகையினருக்குக் கை ஓடும், கணக்கு ஓடாது. இரண்டாம் வகையினருக்குப் பூவின் உடல்கூறு தெரியும், ஒரு முழம் சரம் நெருக்கமாகக் கட்டச் சொன்னால் விரல் பின்னிக்கொள்ளும். இருவருக்கும் நான் முதலில் கொடுக்கும் வேலை வாளி கழுவுவது. பூவைக் கெடுப்பது தண்ணீரில் பெருகும் கிருமி என்பதால், வாளி வழவழப்பாக இருந்தால் ஓசூர் ரோஜாவானாலும் கழுத்துச் சாய்ந்துவிடும். 20 பூ கொண்ட ரோஜாக் கட்டைப் பிரித்து, தண்ணீருக்குள் முங்கும் இலைகளை உருவி, தண்டைச் சாய்வாக வெட்டி நிறுத்த வேண்டும். ஜெர்பராவுக்கு அதே வாளியில் பாதித் தண்ணீர்கூட ஆகாது, நாலு விரல் அளவு போதும். அதிகமானால் தண்டு அழுகும். கோத்தகிரியிலிருந்து வரும் கார்னேஷனை வாழைத்தார் தொங்கும் மூலையில் வைத்தால் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் பட்டு அதன் இதழ் உள்நோக்கிச் சுருங்கிவிடும். ரோஜாவைக் காக்கும் குளிர்பெட்டிக்குள் ஆர்க்கிட்டையும் ஆந்தூரியத்தையும் வைத்தால் அவை குளிரில் கருகும். பச்சை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அமுக்கக் கூடாது, தானாக முங்க விட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் மேலே நனைந்து நடுவில் காய்ந்து கிடக்கும், அதில் குத்திய பூ விடிவதற்குள் தொங்கும். இவற்றை எல்லாம் அவள் சீக்கிரமாகவே பிடித்துக்கொண்டாள். பூவைத் தொடும் விதத்தில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. கணக்குத்தான் மிச்சம் இருந்தது.

கணக்கு என்று வரும்போது பூவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். என் பட்டியல்களில் பூவின் பங்கு மொத்தத் தொகையில் பாதியைத் தொடுவதே அரிது. முதல் நாள் மாலை வரவேற்புக்கு ஒரு மேடை, உறவினர்கள் எழுந்து போனபின் இரவோடு இரவாக முகூர்த்தத்துக்கு வேறொரு மேடை என்று கேட்கிறார்கள். இடையில் இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு நடக்கும் நேரத்தில் மேடையில் ஏணி போட முடியாது. ஆகவே நாலு பேர் செய்யும் வேலைக்கு எட்டுப் பேரை நிறுத்த வேண்டியிருக்கிறது. ராத்திரி வேலைக்கான கூலி, அவர்களுக்குச் சாப்பாடு, வேன் வாடகை, துணி, கம்பி, சரம் கட்டும் பெண்களுக்குக் கட்டுக்கூலி, ஒடிந்து வீணாகும் பூ, மறுநாள் மண்டபத்தார் அடுத்தவருக்குக் கொடுப்பதற்குள் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துக் குப்பையை அள்ளும் செலவு என்று வரிகள் நீளும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கடை வாடகை மட்டும் உண்டு. அதையும் வைகாசியும் ஆவணியும் தையும்தான் சுமக்க வேண்டும். இவற்றை எல்லாம் எழுதத் தெரியாமல், "பூ இவ்வளவுக்கு வாங்கினேன், மேலே கொஞ்சம் போட்டுக்கொண்டேன்" என்று தொழில் தொடங்கி, இரண்டு சீசனில் கடனோடு கடையை மூடியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். இதுவரைக்கும் என் பக்கம் எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

தெளிவு கலைவது இரண்டாவது வரியில்தான். அதில் மல்லி கிலோ 1,000 ரூபாய் என்று எழுதியிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்த மதிப்பீடு அது. பூ வாங்கிய அன்று சத்தியமங்கலம் ஏலத்தில் மல்லி 400 ரூபாயைத் தாண்டவில்லை. அது கோடைக்காலம், செடி கொட்டிக் கொடுக்கும் மாதங்கள். ஏலத்தில் எடுக்க ஆளில்லாத நாட்களில் சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். இன்னும் கீழே போனால் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பறிக்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மல்லியை மொட்டாக, வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். பொழுதோடு அது விரிந்துவிட்டால் மறுநாள் அதற்கு விலையே இல்லை. நெல்லைப் போல மூட்டை கட்டி வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்க வழியில்லாத சரக்கு அது. அந்த வாரம் தன் அப்பா என்ன விலைக்குப் போட்டார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். என்னிடம் வந்த பூ அவர் தோட்டத்துப் பூவேதான் என்று சொல்ல முடியாது. அதே ஏலத்துப் பூ. அவள் "எங்கப்பா போட்ட பூ" என்றது அந்த அர்த்தத்தில்தான் இருக்க வேண்டும்.

இதற்கும் என்னிடம் பதில் உண்டு. இரண்டு மாதம் முன்பே விலையைச் சொல்லிவிடுகிற நான்தான், அது ஏறினாலும் இறங்கினாலும் சுமக்க வேண்டியவள். பனிக்காலத்தில் மொட்டு பிடிக்காது, வரத்து விழுந்துவிடும். தை முகூர்த்தம் நெருங்கும்போது மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிப் போவதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு தையில், 1,500 என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதற்கு இரண்டு மடங்கு விலையில் பூ எடுத்து மேடையை நிரப்பியிருக்கிறேன். வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மண்டபத்தில் எனக்கு மறுபடி வேலை கிடைத்திருக்காது. கோடையில் மிஞ்சுவது தையில் போவதற்கு ஈடு. அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். பிறகு பல தடவை மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன்.

சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் தட்டுகிறது. கோடையும் தையும் உண்மையிலேயே ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றனவா என்றால், இல்லை. வருஷக் கணக்கை முடிக்கும்போது அது என் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. சாயும்படித்தான் நான் விலையை எழுதுகிறேன், எழுதாவிட்டால் கடை நிற்காது. விலை ஏறும் நாளில் அவள் அப்பாவுக்கும் நல்ல காசு கிடைக்கிறதே என்று வாதம் செய்யலாம். ஆனால் விலை ஏறுவதே செடியில் பூ இல்லாததால்தான். கிலோ 3,000 ரூபாய் போகிற நாளில் அவர் கொண்டுபோகிற பையில் எத்தனை கிலோ இருக்கும்? கையில் பூ நிறைய இருக்கும்போது விலை இருக்காது, விலை இருக்கும்போது பூ இருக்காது. அவருக்கு முன்கூட்டி விலை எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. எனக்கு அந்த வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன். இது அநியாயமா என்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் "பூ ஒரு சரக்கு மட்டுந்தான்" என்பதை, அந்தப் பூவை விடியலில் பறித்து வளர்ந்த பெண்ணிடம் சொல்லும்போது, அந்த வாக்கியம் என்னவோ குறைபட்டுப்போகிறது.

இவ்வளவும் நானாக ஏற்றிக்கொண்ட சுமையாகவும் இருக்கலாம். "எந்த வரியில வருது" என்பது, கணக்கு எழுதப் பழகுகிற யாரும் கேட்கக்கூடிய நேரடியான கேள்வி. உதிரிப்பூவும் கட்டிய சரமும் தனித்தனி வரிகளில் இருந்ததால் குழம்பியிருக்கலாம். அப்படியானால் அவள் கேட்டதற்கு முதல் இரண்டு சொற்களிலேயே பதில் வந்துவிட்டது. மீதியை நான்தான் சேர்த்தேன். கேட்காததற்கு ஏன் பதில் சொன்னேன் என்பதுதான் யோசிக்க வேண்டியது போலும்.

சில மாதங்கள் கழித்து, நான் வெளியே போய்த் திரும்பிய ஒரு மதியம், அவள் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பதைக் கடை வாசலில் நின்று கேட்டேன். "முகூர்த்த நாளுங்க. பூ வெல நம்ம கையில இல்லீங்க. நாங்க இன்னைக்கு எழுதிக் குடுத்தா அன்னைக்கு எவ்வளவு ஏறுனாலும் அதே வெலதானுங்க, உங்களுக்கு ஒண்ணும் பயமில்லீங்க." சொல் மாறாமல் நான் பேசுவது. நான் போட்டிருக்கக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடவே போட்டு, அந்த வேலையை முடித்தும் வைத்திருந்தாள். பழக்கிவிட்டவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாராட்டினேன். ஆனால் அதற்குப் பிறகுதான், பட்டியலில் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மல்லி வரிக்குப் பக்கத்தில், மதிப்பீடு எழுதும் நாளின் சத்தியமங்கலம் ஏல விலையையும் குறித்துவிடுவது. நான் எந்த விலையிலிருந்து எந்த விலைக்குப் போகிறேன் என்பது கேட்கிறவருக்கும் தெரியட்டும், எழுதுகிறவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அப்படி எழுதிய முதல் பட்டியலை வாங்கியவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்து மஞ்சள் விவசாயி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் பார்த்தார். "ஏனுங்கம்மா, நாங்க மஞ்சளை மண்டியில கொண்டுபோய் எறக்குனா வெல அவங்கதான் சொல்றாங்க, நாங்க சொல்றதில்லீங்க. நீங்க என்னன்னா ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்றீங்க. இதுல இன்னைக்கு வெல இவ்வளவுதான்னு நீங்களே எழுதியும் இருக்கறீங்க. அப்பறம் எதுக்குங்க அவ்வளவு போடோணும்?" என்றார். தை மாதம் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஏற்ற இறக்கம் என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் பேரம் பேசினார். கடைசியில் குறைத்தேன். அவர் குறைக்கச் சொன்னது மல்லி வரியில். கல்யாணம் வருவதற்குள் ஏலத்தில் மல்லி ஏறிவிட்டதால் நான் ஈடுகட்டியது ராத்திரி ஆட்களில் ஒருவரைக் குறைத்து. ஏல விலையை வெளியே சொன்னதால் மல்லி போட்டவருக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை, ஏணி ஏறுகிற ஒருவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

அடுத்த பட்டியலில் அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னேன். "வேண்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்கவில்லை, அவளும் அன்று பக்கத்தில் இருந்தவள்தானே.

இப்போது சத்தியமங்கலத்திலேயே தனியாகக் கடை போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொடங்குகிறவளுக்கு வேண்டியது எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: முதல் சீசனில் மேடை வேலையை ஒப்புக்கொள்ளாதே, மாலையும் ஜடை அலங்காரமும் போதும், ஓணத்துக்குக் கேரளாவுக்குச் செண்டுமல்லி போகிற நாட்களில் விலை துள்ளும், அந்த வாரத்துக்கு முன்பணம் வாங்காமல் கை வைக்காதே, ஆட்களுக்கான கூலியை அன்றன்றே கொடுத்துவிடு. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறாள். அவள் அப்பாவின் பூவை ஏலத்துக்குப் போகாமல் நேராக வாங்கிக்கொள்வாளா, வாங்கினால் என்ன விலைக்கு, பட்டியலில் என்ன எழுதுவாள் என்பதை மட்டும் நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், "நீங்க என்ன எழுதச் சொல்றீங்கக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். கோடையென்றால் 1,000 எழுது என்றுதான் நான் சொல்வேன்.