கொடுத்ததைவிட அதிகம் திருப்பித் தந்த பனி

நிலத்தில் விழும் வெயிலில் எத்தனை பங்கு திரும்பிப் போகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பங்குக்கு ஆல்பிடோ என்று பெயர். எதையும் திருப்பாத தரைக்குப் பூஜ்ஜியம், வாங்கியதை முழுதாகத் திருப்பிவிடும் தரைக்கு ஒன்று. ஒன்றுக்கு மேல் போக வழியே இல்லை. ஆனால் சேர்ந்த மூன்றாம் மாதம், பனி மூடிய ஒரு தரை நிலையத்திலிருந்து வந்த காலை நேர அளவுகள் 1.3 வரை போயிருந்தன.

என் நிரலில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதைக் குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மூத்தவர் ஒருவர் நிலையத்தின் புகைப்படத்தைத் திறந்து காட்டினார். கம்பத்தில் இரண்டு கதிர்வீச்சுமானிகள். ஒன்று வானத்தைப் பார்க்கிறது, மற்றொன்று தரையைப் பார்க்கிறது. மேலே பார்ப்பதன் கண்ணாடிக் குமிழின் மேல் இரவு பெய்த பனி தொப்பிபோல் உட்கார்ந்திருந்தது. வரவை எண்ணும் கண் மூடிக்கிடக்க, செலவை எண்ணும் கண் மட்டும் விழித்திருந்தது. "நிரலை விடுங்கள், அங்கே யாராவது ஒரு துணியோடு போகவேண்டும்" என்றார்.

செயற்கைக்கோளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா, சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது. அதிலுள்ள மோடிஸ் கருவி ஒரு நிலத்துண்டை ஒரு கடப்பின்போது ஒரே கோணத்தில்தான் பார்க்கும். ஆனால் நிலம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் ஒளிர்வதில்லை. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு வயலைப் பாருங்கள், பளிச்சென்று இருக்கும்; ஒவ்வொரு செடியின் நிழலும் அந்தச் செடிக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே வயல் கறுத்துக் கிடக்கும். எந்த எண்ணைச் சொல்வது?

அதனால் பதினாறு நாள் காத்திருக்கிறோம். மேகமில்லாத பார்வைகளையெல்லாம் சேர்த்து, மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு கணித மாதிரியில் பொருத்துகிறோம். எத்திசையிலும் சமமாகச் சிதறும் பங்கு ஒன்று, இலைக்கூட்டத்துக்குள் புகுந்து வரும் பங்கு ஒன்று, மரமும் மண்கட்டியும் போடும் நிழலின் பங்கு ஒன்று. பார்க்காத கோணங்களை இந்த மாதிரிதான் நிரப்பித் தருகிறது. செயற்கைக்கோள் ஆல்பிடோவை 'அளக்கிறது' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு லேசாக எரிச்சல் வரும். அளந்தது கொஞ்சம், மிச்சம் அனுமானம். பார்வைகள் போதாத இடங்களில் முன்பே தெரிந்த வடிவம் ஒன்றை எடுத்துக் கிடைத்த சில அளவுகளுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறோம். இதெல்லாம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் ஒரு தர அடுக்கில் குறித்து வைக்கப்படுகிறது. அதை யாரும் திறப்பதில்லை.

நானும் திறக்கவில்லை. தரவு இல்லாத பிக்சலில் 32767 என்ற எண் இருக்கும். மற்ற எண்களை 0.001 ஆல் பெருக்கவேண்டும். எல்லாவற்றையும் பெருக்கிவிட்டேன். வரைபடத்தில் 32.767 என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். நான் நூறு நூறு பிக்சலாகச் சராசரி எடுத்திருந்தேன். 0.12 உள்ள தொண்ணூற்றொன்பது காட்டுப் பிக்சல்களோடு இந்த ஒன்று கலந்தால் சராசரி 0.45 வரும். பழைய பனிக்கு மிகப் பொருத்தமான எண்! கோடை நடுவில் காட்டில் பனி எப்படி வந்தது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டபோதுதான் விழித்தேன். அபத்தமான எண் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நம்பும்படியான எண்ணிடம்தான் ஏமாறுகிறோம்.

தரை நிலையத்தோடு ஒப்பிடுவது இன்னொரு சண்டை. குளிர்காலத்தில் நிலையம் 0.8 என்கிறது, செயற்கைக்கோள் 0.3 என்கிறது. கம்பம் நிற்பது மரங்களை வெட்டிச் சமப்படுத்திய திறந்தவெளியில். கருவிக்குத் தெரிவது சுற்றியுள்ள சில பத்து மீட்டர் வெண்பனி. மோடிஸ் பிக்சலோ 500 மீட்டர் அகலம். அதில் பெரும்பகுதி பனிக்கு மேலே தலைநீட்டும் கரும்பச்சை மரங்கள். இரண்டும் சரிதான், ஆனால் இதை ஒப்புக்கொள்வதற்குள் எத்தனை மின்னஞ்சல்கள்!

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு பாலைவனம். டெர்ரா வெகுகாலம் காலை பத்தரை மணிக்கு நிலநடுக்கோட்டைக் கடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தைப் பிடித்து வைக்கும் பாதைத் திருத்தங்கள் 2020இல் நின்றன. அதிலிருந்து அது ஆண்டுக்கு ஆண்டு முந்திக்கொண்டு வருகிறது, சூரியன் இன்னும் தாழ்வாக இருக்கும்போதே. மாதிரி ஒழுங்காக இருந்தால் இந்த மாற்றம் ஆல்பிடோவில் தெரியக்கூடாது. என் வரைபடத்தில் 0.01 அளவுக்கு ஒரு சரிவு தெரிகிறது. மணலா, மணிநேரமா என்று தெரியவில்லை. தர அடுக்கை மட்டும் இந்த முறை முதலிலேயே திறந்துவிட்டேன்.