பாமினியில் அடித்த முன்மொழிவு

பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, தொலைநிலைக் கல்வியில் முதுகலைத் தமிழ் சேர்ந்தேன். சேர்க்கையும் கட்டணமும் சிக்கலின்றி முடிந்தன. தாலாட்டுப் பாடல்களைப் பற்றிய ஆய்வேட்டுக்கு முன்மொழிவைத் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாகவே அனுப்ப வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோதுதான் தலைவலி தொடங்கியது.

‘தமிழ்த் தட்டச்சும் உண்டு’ என்ற பலகையை நம்பி, மேற்கு மாம்பலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டினேன். தொடக்க வகுப்புகள் கணினியில் படம் வரையும் பெயின்ட் மென்பொருளில் வீடும் சூரியனும் வரைவதிலேயே கழிந்தன. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு இது எதற்கு என்று கேட்டால், “மவுஸ் பழகணும்ல மேடம்” என்றார் பயிற்றுநர். பிறகு ஒருவழியாகத் தமிழுக்கு வந்து, பாமினி என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அடிக்கச் சொன்னார். திரையில் தமிழ் அழகாகவே விழுந்தது. முன்மொழிவு முழுவதையும் அங்கேயே அமர்ந்து அடித்து முடித்து அனுப்பினேன்.

கோப்பைப் படிக்க இயலவில்லை என்று பதில் வந்தது. வெயிலில் பேருந்து மாறி நேரில் சென்றபோது, எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, “ஃபைல் கரப்ட் ஆயிருக்கும்மா, வேற அனுப்புங்க” என்றார். கெஞ்சிக் கேட்ட பிறகே திறந்து காட்டினார். ‘அம்மா’ என்று நான் அடித்திருந்த இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசை கட்டி நின்றன. பக்கம் முழுவதும் அப்படியே. பயிற்சி மையத்தில் முறையிட்டதற்கு, தங்கள் கணினியில் சரியாகத்தான் தெரிகிறது என்று திறந்து காட்டிவிட்டு, பல்கலைக்கழகத்தின் மீது பழியைப் போட்டார்கள்.

உண்மையைச் சொன்னவர் திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் உள்ளே ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, மேலே தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். கணினிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழுக்கென்றே எண்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்திருக்க, காசு வாங்கிக்கொண்டு கற்பிக்கும் இடத்தில் அதன் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் முழுக் கோப்பையும் அள்ளி அதில் போடாதீர்கள். இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணி அது மாற்றிவிடும். என் துணைநூற்பட்டியலில் இருந்த ஆங்கில நூல்களின் பெயர்கள் எந்த மொழியிலும் சேராத எழுத்துக் குவியலாகி, ஒவ்வொன்றாக மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று. தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுவதே நல்லது. உங்கள் கோப்பு எந்த வகை என்ற ஐயம் இருந்தால், ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் அது ஒருங்குறி.

அதன் பிறகு தமிழ்99 விசைப்பலகையை நானே பழகினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. விண்டோஸ் 11இல், மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைவதால் விரல்கள் விரைவில் பழகிவிடுகின்றன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. இதற்கு வகுப்பெல்லாம் தேவையில்லை, விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் போதும். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

திருத்திய கோப்பை அதே எழுத்தரின் மேசை முன் நின்று என் கைப்பேசியிலிருந்தே அனுப்பி, அவர் கணினியில் திறந்து பார்க்கும்வரை நகராமல் நின்றேன். முன்மொழிவு ஏற்கப்பட்டுவிட்டது. பயிற்சி மையத்தில் கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை. கேட்டதற்கு, பாடத்தை முடித்துவிட்டீர்களே என்று பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ் ஒன்றை நீட்டினார்கள்.