சதுரங்கப் பக்கத்தில் ஆங்கிலம்

டிசம்பர் 13, 2024, வெள்ளி

நேற்று மாலை சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதைச் சித்தப்பாவின் செல்பேசியில் நேரலையாகப் பார்த்தேன். இன்று கிளை நூலகத்தில் அதே செய்தியை ஆங்கில நாளிதழில் படித்தேன். பாடப்புத்தகத்தில் வரிக்கு வரி அகராதியைத் தேடுகிற நான், இன்று அதைத் தொடவே இல்லை. 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் தன் ரூக் காயை எங்கே வைத்தார், ரூக்கும் பிஷப் காயும் வெட்டுப்பட்டுப் போனால் கூடுதல் சிப்பாய் என்ன செய்யும் என்பதெல்லாம் தெரிந்த கதை. இடையில் வந்த புரியாத சொற்களுக்கு அந்தக் கதையே பொருள் சொல்லிவிட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

நீண்ட வாக்கியம் வந்தால் மட்டும் தலை சுற்றுகிறது. அக்கா பென்சிலுடன் வந்து உட்கார்ந்தாள். ‘சென்னையைச் சேர்ந்த 18 வயது வீரர்’ என்று தொடங்கும் வாக்கியம், உடனே ஒரு கமா, பிறகு ஏப்ரலில் டொரன்டோவில் உலக சாம்பியனுடன் மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியை அவர் வென்ற கதை முழுவதும், இன்னொரு கமா, அதற்குப் பிறகுதான் ‘தோற்கடித்தார்’. இரண்டு கமாக்களுக்கும் நடுவே இருப்பதை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொன்னாள். யார், என்ன செய்தார் என்பது பளிச்சென்று தெரிந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி படித்தபோது டொரன்டோவும் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டது.

டிசம்பர் 20, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு. இயற்பியலைத் தவிர எதையும் படிக்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

நியூயார்க் உலக ரேபிட் (குறைந்த நேரச் சதுரங்க) போட்டிக்கு ஜீன்ஸ் அணிந்து வந்த முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனுக்கு 200 டாலர் அபராதம்! உடனே மாற்றிக்கொள்ள மறுத்ததால் ஒன்பதாவது சுற்றில் அவரைச் சேர்க்கவில்லை; அவரும் போட்டியிலிருந்து விலகிவிட்டார். விதி விதிதான், ஆனாலும் ஒரு கால்சட்டைக்காக இவ்வளவா? இந்த ஆங்கிலச் செய்தியைப் படிக்கச் சதுரங்க அறிவு உதவவில்லை. ஜீன்ஸ், டாலர், சுற்று என்ற மூன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஊகித்தேன்.

ஜனவரி 2, 2025, வியாழன்

துணிச்சல் வந்து, மன்மோகன் சிங் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் கை வைத்தேன். இரண்டாவது பத்தியோடு சரி. அவர் நிதியமைச்சரான 1991-இல் என்ன நடந்தது என்றே தெரியாமல் அதை எப்படிப் படிப்பது? “முதலில் தமிழ் நாளிதழில் படி, பிறகு இதற்கு வா” என்றாள் அக்கா. அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை, ரூபாய் மதிப்புக் குறைப்பு, பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெறும் கட்டாயம் ரத்து என்று தமிழில் படித்துவிட்டுத் திரும்பினேன். மெதுவாகத்தான், ஆனால் கடைசிவரை போக முடிந்தது.

ஜனவரி 5, ஞாயிறு

எனக்கு ஒரு சந்தேகம். ஆங்கிலத் தேர்வில் படித்து விடையளிக்கக் கொடுக்கும் பத்தி எதைப் பற்றியது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லையே? அக்காவிடம் கேட்டேன். “கீழே இருக்கும் கேள்விகளை முதலில் படி. பத்தி எதைப் பற்றியது என்று பாதி அங்கேயே தெரிந்துவிடும்” என்றாள். பழைய வினாத்தாள்களைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன்.