சின்ன மாத்திரையை விட்டுடாதீங்க

"எப்ப ஆரம்பிச்சுது?" மனநல ஓபியில் தம்பியைப் பற்றி டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அம்மா ஆடி மாசம் என்றார், அப்பா பரீட்சைக்கு அப்புறம் என்றார். வெளியே வந்து தம்பியோட வாட்ஸ்அப்பைத் தேடினேன். மார்ச் 9, ராத்திரி 2.40: "அண்ணா, பக்கத்து ரூம்ல என்னைப் பத்தியேதான் பேசுறாங்க." கீழே நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது ஆகஸ்ட் கடைசியில். நடுவில் ரெண்டு தாயத்து, ஒரு ஸ்கேன், "லவ் ஃபெயிலியரா இருக்கும்" என்ற சித்தப்பா. இல்லாத குரல் கேட்கிற, நடக்காததை நம்புகிற இந்த மனநோய்க்குப் பெயர் சைக்கோசிஸ். அதில் மருந்தில்லாமல் போகும் காலம் நீள நீள, தேறுவதும் இழுக்குமாம்.

அதிலும் ஒன்பது நாள் ஒரு புதன்கிழமையால் போனது. குரல் கேட்பது பொய் என்று அவனிடம் வாதாடிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. "தூக்கமே இல்லையேடா, அதுக்கு மாத்திரை வாங்கலாம்" என்றதும் கிளம்பினான். ரெண்டு பஸ் மாறிப் போனால் சீட்டு போடுபவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரி கேம்ப். நாளைக்கு வாங்க." போர்டில் ஒரு வரி இல்லை. நாளைக்கு அவன் வரணுமே! மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் சில கிழமைகளில் இப்படி வெளியே போய்விடுவார்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசாங்கத்தின் மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். எனக்கு அது அப்போது தெரியாது.

டாக்டர் நல்லவர். ஊசி போட்டு மூன்று மாத்திரை எழுதினார். மருந்து கவுன்ட்டரில் ரெண்டுதான் கிடைத்தது. "சின்னது ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோங்க." சத்து மாத்திரையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ராத்திரி தம்பி கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகியது. அத்தை வேப்பிலையைத் தேடினார். கேஷுவாலிட்டியில் ஒரு ஊசி போட்டார்கள், அரை மணியில் கழுத்து நேரானது. அந்தச் சின்ன மாத்திரை, டிரைஹெக்சிபெனிடில், மற்ற மருந்தின் பக்கவிளைவாக வரும் இந்தத் திருகலைத் தடுக்கத்தான். பேயுமில்லை பிசாசுமில்லை, என் அலட்சியம்.

இன்னொன்று. காலேஜ் ஆபீஸில் சர்டிபிகேட்டில் நோய்ப் பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். 2017 மனநலச் சட்டம், பிரிவு 23, ரகசியம் காக்கும் உரிமை என்று எழுதிக் கொடுத்தேன். "சிகிச்சையில் இருந்தார்" என்ற ஒரு வரியோடு வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தில் முதல் தடவை சைக்கோசிஸ் வருகிறவர்களுக்கென்றே தனிக் கவனிப்பு உண்டு என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்களுக்கு வாய்த்தது ஒரு டாக்டரும் நீளமான வரிசையும்.

குரல் இப்போது அநேகமாக இல்லை. பசிதான் அசுரப் பசி, மாத்திரை வேலை. மாதாமாதம் எடை பார்க்கிறோம். போன வாரம் கவுன்ட்டரில் கவரை அவனே வாங்கிப் பிரித்து எண்ணினான்.

"அண்ணா, சின்னது வரல."